உடன்பிறந்தாரும் உடன்பயணமும்

ஆடி அமாவாசையை ஒட்டிய நாள்களில் முதுகுளத்தூர்ப் பேருந்து நிலையத்தில் கூட்டம் மிகும். தேவிபட்டினத்துக்கும் சேதுக்கரைக்கும் இராமேசுவரத்துக்கும் நீத்தார் கடன் ஆற்றச் செல்வோர் குடும்பம் குடும்பமாக இவ்வூரைக் கடந்து செல்வர். பல ஆண்டுகளுக்கு முன்பு அத்தகைய ஒரு நாளில் இராமநாதபுரம் செல்லும் பேருந்தில் அண்ணன் ஒரு வரிசையிலும் தம்பி அதற்கு அடுத்த பின்வரிசையிலுமாக இருவர் அமர்ந்திருந்தனர். அண்ணன் மடியில் துணியால் வாய் கட்டிய மண்கலயம். அதனுள் தந்தையின் அஸ்தி. நடத்துநரிடம் அண்ணன் தமக்கு மட்டும் சீட்டு வாங்கினார். தம்பியும் தமக்கு மட்டும் வாங்கினார். முகச்சாயலை உற்று நோக்கிய நடத்துநர், "ஒரே இடத்துக்குத்தானே போகிறீர்கள்? சேர்த்து வாங்கினால் எனக்குச் சில்லறைத் தொல்லை இராதே" என்றார். இருவரும் வாய் திறக்கவில்லை. ஆயினும் வண்டி பள்ளத்தில் இறங்கிக் குலுங்கும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு கை நீண்டு வந்து கலயத்தைத் தாங்கியது. அண்ணன் அதைத் தட்டிவிடவில்லை.

உயிர் உடலை நீத்த உடனேயே தன் வினைக்கேற்ற மறுபிறவியை அடைகிறது என்பது ஜினவாணியாதலின், நம் சமயத்தில் நீர்க்கடன் என்பது இல்லை. ஆனால் பிறர் வழக்கத்தைக் குறை கூறுதற்காக இதனை நினைவுகூரவில்லை. சென்ற ஆண்டு பேரன் வீட்டுக்கு வந்திருந்தபோது நமக்குக் காட்டிய ஆங்கிலத் திரைப்படம் ஒன்று, அந்தக் கலயத்தையும் அதைத் தாங்கிய கையையும் மீண்டும் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது.

'தி டார்ஜிலிங் லிமிடெட்' என்பது அப்படத்தின் பெயர். வெஸ் ஆண்டர்சன் என்னும் அமெரிக்க இயக்குநர் ஆக்கியது, 2007இல் வெளிவந்தது. பெயரில்தான் டார்ஜிலிங், படம் எடுக்கப்பட்டதோ சோத்பூர், உதயப்பூர் முதலிய இராசத்தான் பகுதிகளில். நம் இந்திய இரயில்வேயின் பெட்டிகளையே வண்ணம் தீட்டி, ஓடும் வண்டியிலேயே படமாக்கியிருக்கிறார்கள். பின்னணியில் சத்யஜித் ராயின் படங்களுக்கு அமைந்த இசை ஒலிக்கிறது. கதை எளியது. பிரான்சிஸ், பீட்டர், ஜாக் என அமெரிக்கச் சகோதரர் மூவர். தந்தை விபத்தில் இறந்து ஓராண்டாகிறது. அவரை அடக்கம் செய்த நாளுக்குப் பின் அம்மூவரும் தம்முள் பேசிக்கொள்ளவில்லை. மூத்தவர் மற்ற இருவரையும் இந்தியாவுக்கு வரவழைத்து, ஒரே இரயிலில் ஏற்றி, ஆன்மிகப் பயணத்தின் வாயிலாகப் பழைய உறவை மீட்டுவிடலாம் என எண்ணுகிறார். கன்னியர் மடத்தில் சேர்ந்து இமயமலை அடிவாரத்தில் வாழும் தாயைக் காண்பதும் அவர் உள்ளக்கிடக்கை. கணவரின் இறுதிச் சடங்குக்கும் வாராத தாய் அவர்.

குடும்பத்தோடு அமர்ந்து காணத் தக்க படமன்று என்பதை முதற்கண் கூறிவிடுகிறோம். புகை, மயக்க மருந்து, நெறி தவறிய நட்பு ஆகியன அதில் உண்டு. அவ்விடங்களில் பேரன் நாணிப் படத்தை ஓட்டிவிட்டான். நாமும் அச்சமயம் அடுப்பைப் பார்த்துவர எழுந்து சென்றோம். ஆனால் சிரிக்கவும் நிறைய இருக்கிறது. மூத்தவர் ஒவ்வொரு நாளுக்கும் நேர அட்டவணை வகுத்து, அதை அச்சிட்டு, நெகிழித்தாள் ஒட்டித் தம்பியர் கையில் கொடுக்கிறார். காலை இத்தனை மணிக்கு வழிபாடு, பின்னர் மனம் திறத்தல் என்னும் பாங்கில்! இதற்கென ஓர் உதவியாளர் வேறு பெட்டியில் அச்சுப் பொறியோடு அமர்ந்திருக்கிறார். தம்பியர் என்ன உண்ண வேண்டும் என்பதையும் அண்ணனே பணியாளரிடம் சொல்லிவிடுகிறார். அவர்கள் நடுவழியில் ஓடிவிடாதபடி கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்கிறார். தண்டவாளத்தில் ஓடும் இரயிலே ஓரிடத்தில் வழி தவறிவிடுகிறது. சண்டையிடும் அண்ணன்மார் இருவர் முகத்திலும் இளையவர் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சுகிறார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய் காயும் களங்களைத் தாண்டி நாள்தோறும் நடக்கும் நமக்கு, அவ்வெரிச்சல் எத்தகையது என எவரும் விளக்க வேண்டியதில்லை. முடிவில் மூவரும் வண்டியிலிருந்து இறக்கிவிடப்படுகின்றனர்.

மயிற்பீலியை வைத்து ஒரு சடங்கும் அதில் வருகிறது. மூவரும் ஆளுக்கொரு விதமாகச் செய்து அதையும் குழப்புகின்றனர். நம் முனிவர் பெருமக்கள் கையில் ஏந்தும் பீலியின் பயன் நுண்ணுயிரையும் வருத்தாது விலக்குதல் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? உடன்பிறந்தாரை வருத்தாமல் ஒரு வேளை உணவுகூட உண்ண இயலாதவர் கையில் அந்தப் பீலியைக் கண்டபோது நமக்குச் சிரிப்போடு வேறொன்றும் தோன்றியது. நாம் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டோம் என்பதே அது.

இப்படத்தில் நம் மனத்தைத் தைத்தது 'ஓராண்டு' என்னும் கால அளவு. கஷாயங்கள் நெஞ்சில் தங்கும் காலத்தை நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரத்தில் அளந்து காட்டியுள்ளார். சஞ்ஜ்வலனம் எனும் மென்மையான சினம் நீர்மேல் கிழித்த கோடு. ஒரு முகூர்த்தத்துக்குள் மறையும். பிரத்தியாக்கியானம் புழுதியில் இட்ட கோடு; அரை மாதம் நிற்கும். அப்பிரத்தியாக்கியானம் நிலத்தில் விழுந்த வெடிப்பு; ஆறு மாதம். அதற்கும் மேற்பட்டு நிலைப்பது அனந்தானுபந்தி, பாறைப் பிளவு, பிறவிதோறும் தொடர்வது, நற்காட்சியையே எய்தவொட்டாது தடுப்பது. பகைமைக்கு நம் ஆசாரியர் இவ்வாறு நாள் கணக்கு வைத்திருப்பது நமக்கு எப்போதும் வியப்பளிப்பது. சிராவகனுக்குச் சினமே வரலாகாது என அவர் கூறவில்லை. ஆறு மாதம் கடந்தும் ஒருவர்மேல் உள்ள சினம் ஆறவில்லையெனில் அது வேறு வகையைச் சேர்ந்ததாகிவிட்டது என எச்சரிக்கிறார். தசலட்சண பருவம் முடிந்து ஆண்டுதோறும் நாம் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுவதன் உட்பொருளும் இதுவே. அக்கணக்கின்படி அம்மூன்று அமெரிக்கரும் எல்லையைத் தாண்டியவர்கள். அந்தப் பேருந்துச் சகோதரர்கள் எவ்வளவு காலமாகப் பேசாதிருந்தனரோ, நாம் அறியோம்.

அண்ணனின் அட்டவணை தோற்றபின்பே படத்தில் மாற்றம் நிகழ்கிறது. ஆற்றைக் கடக்க முயலும் சிறுவர் மூவர் நீரில் வீழ்கின்றனர். சகோதரர்கள் குதிக்கின்றனர். இருவரைக் கரை சேர்க்கின்றனர். பீட்டர் பற்றிய சிறுவன் மட்டும் பிழைக்கவில்லை. அச்சிற்றூரின் இறுதி ஊர்வலத்தில் மூவரும் வெள்ளாடை உடுத்து நடக்கின்றனர். சிறுவனின் தந்தையாக இர்பான் கான் பேச்சின்றியே நடித்துள்ள பகுதி உள்ளத்தை உருக்குவது. ஆயினும் இங்கே நமக்கு ஒரு மறுப்பு உண்டு. அயல்நாட்டார் மூவரின் நெஞ்சம் இளகுதற்கு நம் நாட்டு ஏழைச் சிறுவன் ஒருவன் சாக வேண்டுமா? அவன் பெயர்கூட நம் நினைவில் நிற்கும்படி சொல்லப்படவில்லை. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை என்பது நம் தத்துவம். ஓர் உயிரின் அழிவை மற்றோருயிரின் பாடமாக்கிக்கொள்ளல் அத்துணைமையாகாது. இதைப் பேரனிடம் சொன்னபோது, "அந்தச் சாவால் அவர்கள் திருந்தியதாகப் படம் சொல்லவில்லையே, பாட்டி, பேச்சு நின்றது என்றுதானே காட்டுகிறது" என்றான். அதுவும் சிந்திக்கத் தக்கதே. அதுவரை ஓயாது வாதிட்ட மூவரும் அவ்வூரில் வாய் மூடி அமர்ந்திருக்கின்றனர்.

தாயைக் கண்டபின் என்ன நிகழ்கிறது? ஓரிரவு தங்குகின்றனர்; விடியும்போது தாய் போய்விட்டார். துறவை நாம் போற்றுகிறோம். ஆனால் பொன்னூர் மலையோடு நாம் இணைத்துப் போற்றும் குந்தகுந்தாசாரியார், துறவு பூணுவோர் சுற்றத்தாரிடம் விடைபெற்றே செல்ல வேண்டும் என்றார். சொல்லாமல் போவதைத் துறவென்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

இனிப் பலரும் புகழும் இறுதிக் காட்சிக்கு வருவோம். மூவரும் படம் முழுவதும் தந்தையின் பயணப் பெட்டிகளைச் சுமந்தே திரிகின்றனர். விலையுயர்ந்த தோற்பெட்டிகள், விலங்குருவங்கள் வரையப்பெற்றவை. பீட்டர் இவற்றுக்கும் மேலாகத் தந்தையின் சவரக்கத்தியையும் மகிழுந்துச் சாவியையும் வைத்திருக்கிறார். தந்தையின் மூக்குக் கண்ணாடியையே அணிந்து உலவுகிறார். அதைக் கண்டு அண்ணனுக்குப் பொறாமை. அது எல்லாருக்கும் பொதுவானதல்லவா என வாதம். முடிவில், புறப்பட்டுவிட்ட இரயிலைப் பிடிக்க மூவரும் ஓடும்போது, அப்பெட்டிகள் அனைத்தையும் வீசியெறிந்துவிட்டு ஏறிக்கொள்கின்றனர்.

இக்காட்சியைக் கண்டதும், 'ஆகா, அபரிக்கிரகம்!' எனக் கைதட்டத் தோன்றும். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆனால் நம் நூல்கள் பரிக்கிரகத்தை இருபத்துநான்காகப் பகுத்துள்ளன. நிலம், மனை, பொன், தானியம் முதலிய புறப்பற்று பத்து. மித்தியாத்துவம், சினம், செருக்கு, வஞ்சம், உலோபம், நகை, துயர், அச்சம் முதலிய அகப்பற்று பதினான்கு. எண்ணிக்கையிலேயே உள்ளிருப்பது மிகுதி என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டியை எறிவதால் பத்தில் ஒன்று போகலாம். பதினான்கும் ஏறுவதற்குச் சீட்டும் வேண்டா, இடமும் வேண்டா. அவை ஓடும் வண்டியில் நமக்கு முன்னரே ஏறி அமர்ந்திருக்கும்.

ஆகவே பெட்டிகளை எறிந்ததினும், அதன் பின்வரும் சிறு நிகழ்ச்சி நமக்குப் பெரிதாகப் பட்டது. வண்டியில் அமர்ந்ததும் மூத்தவர், தாம் பறித்து வைத்திருந்த கடவுச்சீட்டுகளைத் தம்பியரிடம் திருப்பிக் கொடுக்க முன்வருகிறார். அவர்களோ, அவை அண்ணனிடமே இருக்கட்டும் என்கின்றனர். யார் உரிமை யாரிடம் என்னும் கணக்கு அவ்விடத்தில் ஓய்கிறது.

இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. வாசகர் பொறுத்தருள வேண்டும்.

நம் தந்தையார் உயில் எழுதாமல் இறந்தார். வந்தவாசிப் பக்கத்தில் அவர் தாமே ஈட்டிய நன்செய் இரண்டு ஏக்கர் இருந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் உரியது. அத்தகைய சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் ஒத்த பங்கு. இளவல் விடுதலைப் பத்திரம் ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். 1994இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் நாம் கையொப்பமிட்டோம். எவரும் வற்புறுத்தவில்லை. 'மிகுபொருள் விரும்பாமை நம் அனுவிரதம். நமக்கு ஊதியம் இருக்கிறது' எனப் பெருமிதத்தோடு சொல்லிக்கொண்டோம். இரண்டாண்டு கழித்து அவர் வீடு கட்டினார். புதுமனை புகுவிழா அழைப்பிதழ் நமக்கு அஞ்சலில் வந்தது. உடன்பிறந்த தமக்கைக்கு அஞ்சலில்! நாம் செல்லவில்லை. அதன் பின் திருமணங்களிலும் துக்க வீடுகளிலும் பார்த்துக்கொண்டோம்; பேசவில்லை. ஆண்டுதோறும் தசலட்சண நிறைவில் எல்லா உயிர்களையும் பொறுத்தோம் என்று கைகூப்பினோம். எண்ணற்ற ஏகேந்திரிய உயிர்களும் அதில் அடங்கின. வந்தவாசியில் இருந்த பஞ்சேந்திரிய உயிர் ஒன்று மட்டும் அடங்கவில்லை.

நிலத்தை விட்டோம்; விட்டுக்கொடுத்தவள் என்னும் செருக்கை முப்பது ஆண்டுகளாகத் தலைமேல் சுமந்தோம். நெகிழித்தாள் ஒட்டிய அட்டவணையைக் கண்டு சிரித்த நமக்கு, பெட்டிகள் எறியப்பட்ட காட்சியில் சிரிப்பு வரவில்லை. நாம் எறிந்ததும் பெட்டி மட்டுந்தானே?

இங்கே இளம் வாசகியர் தவறாகப் பொருள் கொள்ளலாகாது. தமக்கையும் தங்கையும் பங்கைக் கேளாதிருத்தலே சமணப் பண்பு என நாம் சொல்ல வரவில்லை. நம் இல்லங்களில் பற்றின்மை பெரும்பாலும் பெண்மக்களுக்கே உபதேசிக்கப்படுகிறது. ஆண்மக்களுக்குப் பட்டா உபதேசிக்கப்படுகிறது. பரிக்கிரக வரையறை என்பது பொருளைக் கையில் வைத்திருப்பவனுக்கு விதித்த விரதம். கேட்பவளின் வாயை அடைக்கும் பூட்டன்று. கொடாததை எடுத்துக்கொள்ளலும் ஐந்து பாவங்களுள் ஒன்றே. தன் பங்கைக் கேட்டுப் பெற்று, உடன்பிறந்தானோடு முகமலர்ந்து பேசுபவள், கையொப்பமிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட நம்மினும் நல்ல சிராவகி என்றே இப்போது நினைக்கிறோம். அவ்வாறாயின் நாம் கேட்டிருக்க வேண்டுமா? இக்கேள்விக்கு இருவேறு நாள்களில் இருவேறு விடை நமக்குத் தோன்றுகிறது.

நம் புராணங்கள் இவ்வகையில் நம்மை எளிதில் விடுவனவல்ல. பாகுபலி சுவாமி, பார்வை, நீர், மல் என்னும் மூவகைப் போரிலும் அண்ணன் பரதனை வென்றவர். வென்ற நாட்டை அவனிடமே விட்டுத் துறந்தவர். கொடிகள் உடலைச் சுற்ற ஓராண்டு அசையாது நின்றும் கேவலஞானம் எய்தவில்லை. 'பரதன் என்னால் வருத்தமுற்றான்' என்னும் ஓர் எண்ணம் முள்ளாய் உள்ளே கிடந்தது என்பர். பரதன் வந்து வணங்கிய பின்னரே அம்முள் நீங்கிற்று. சுவேதாம்பரர் கூறும் கதையில், உடன்பிறந்த பெண்மணிகளான பிராமியும் சுந்தரியும் வந்து, செருக்கென்னும் யானையிலிருந்து இறங்குமாறு அவரை வேண்டுகின்றனர். எவ்வாறு கொள்ளினும், எல்லாவற்றையும் துறந்தவருக்கும் உடன்பிறந்தார் ஒருவர் நேரில் வர வேண்டியிருந்தது. அதே ஓராண்டு! பார்சுவநாதர் வரலாறோ இன்னும் கடியது. மருபூதி தன் அண்ணன் கமடனிடம் பொறுத்தருள வேண்டிச் சென்றான். கமடன் கல்லைப் போட்டுக் கொன்றான். யானையும் பாம்புமாய்த் தொடங்கிப் பல பிறவி அவ்விருவரும் ஒருவரையொருவர் விடாது உடன் பயணம் செய்தனர். இரயிலிலிருந்தாவது இறங்கிவிடலாம்.

படத்தைக் கண்ட சில திங்களில் இளவலிடமிருந்து தொலைபேசி வந்தது. மனைவியை இழந்த பின் தனியே இருக்கும் அவர், கழுகுமலையைப் பார்க்க வேண்டும் என்றும், முதுகுளத்தூர் வந்து நம்மையும் அழைத்துச் செல்வதாகவும் சொன்னார். வந்தார். மறுநாள் காலை ஒரு தாளை நம் கையில் கொடுத்தார். 'புறப்பாடு 5.30; கமுதி 6.10, அருப்புக்கோட்டை 7.00, கோவில்பட்டி 8.30' எனப் பிசகின்றி எழுதியிருந்தார். இருட்டுமுன் உண்டு முடிப்பவர் ஆதலின், 'மாலை உணவு 5.30' என்றிருந்ததில் வியப்பில்லை. அதன் கீழே '6.00 – பேச வேண்டியவை' என்று ஒரு வரி. நமக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காரணம் கேட்டார். அப்படத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினோம். கமுதி கடந்தும் முடியவில்லை. அத்தனை ஆண்டுக்குப் பின் நாங்கள் தொடர்ச்சியாகப் பேசியது பிரான்சிஸ், பீட்டர், ஜாக் என்னும் மூவரைப் பற்றித்தான்.

கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். பாண்டியர் காலத்து வேலைப்பாடு. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டின. செய்வித்தோர் பெயர்கள் அடியில் வட்டெழுத்தில் உள்ளன. அவர்களுள் குரத்தியர் எனப் பெற்ற பெண்பால் ஆசிரியரும் உண்டு. ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பணியாற்றிய நமக்கு அது தனி மகிழ்ச்சி. பாகுபலியின் உருவத்துக்கு முன் நெடுநேரம் நின்றோம். அவர் இருபுறமும் உடன்பிறந்த பெண்மணிகள் நிற்கின்றனர். இளவல் எதுவும் சொல்லவில்லை. படியிறங்கும்போது நம் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

மாலை ஆறு மணிக்குச் சாலையோர வேப்பமரத்தடியில் அமர்ந்தோம். தாளில் குறித்த வரிக்கு நேரம் வந்துவிட்டது, இருவரும் தொடங்கவில்லை. ஓட்டுநர், "கிளம்பலாமா ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பின்னர் நாம், "தம்பி, அழைப்பிதழை நீ அஞ்சலில் அனுப்பினாயே" என்றோம். எழுபதைத் தொடும் அவர் தரையைப் பார்த்தவாறு, "நேரில் வர அச்சமாக இருந்தது, அக்கா. அந்த வீட்டை எந்தப் பணத்தில் கட்டுகிறாய் என்று கேட்டுவிடுவீர்களோ என்று" என்றார். நாம் கேட்டிருப்போம் என்றே சொன்னோம். நிலத்தைப் பற்றி அவரும் அதற்கு மேல் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

திரும்பும் வழியில், வரும் ஆண்டு மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவுக்கு நாம் கட்டாயம் வர வேண்டும் என்றார். பார்ப்போம் என்றோம். அவர் அந்தத் தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் வண்டி நேரங்களைக் குறிக்கத் தொடங்கினார்.